எட்டு வரிசைக் கோதுமை

துவாரகாவை லொங்குய்யிலுள்ள மாமி வீட்டுக்குக் கொண்டுபோன நாள் 2015 மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு, மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், இரண்டாம் மாடி வீட்டு வாசலில் நீலக் கோப்போடு சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். அவளோடு வந்த பொலிஸ்காரன் பனிச் சப்பாத்தைக் கழற்றாமலே கம்பளத்தில் ஏறினான். ஒன்பது வயதுத் துவாரகாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. அதன்மேல் வகுப்புப் பிள்ளைகள் பச்சையிலும் ஊதாவிலும் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள். அந்த மணிக்கட்டை முறித்தவள் அவளுடைய அம்மா ஜொய்சி.

ஜொய்சி பிள்ளையின் உடுப்புகளைப் பையில் திணித்தாள். பல் துலக்கியை மறந்துவிட்டு ஓடிப்போய் எடுத்து வந்தாள். பிள்ளை அதை நல்ல கையால் வாங்கிக்கொண்டு படியிறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. கார் தெரு முனையில் மறைந்ததும் ஜொய்சி சமையலறைக்குப் போய் அலுமாரிக் கதவைப் பிணைச்சலோடு பிடுங்கினாள். பிறகு அடுத்த கதவை. ஐந்து கதவுகளும் தரையில் கிடந்தபோது நகக்கண்களில் இரத்தம் வந்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுப் பிடியால் கூரையில் இடித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். பிள்ளை ஃபோனில், ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கும் மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். மாமி என்பது மாக்கிரட், ஜொய்சியை விட்டுவிட்டு ரொறொன்ரோவுக்குப் போன றெனோல்டின் அக்கா. "அம்மா நேத்தும் சோத்துப் பானைய எறிஞ்சவ" என்று பிள்ளை சொன்னது ஜொய்சியின் காதில் விழுந்தது. ஃபோன் பிடித்திருந்த கையைப் பிடித்து முறுக்கினாள். ஃபோன் விழட்டும் என்றுதான் முறுக்கினாள். ஃபோன் விழுந்தது. அதன் பிறகும் விடவில்லை. பச்சை முருங்கைக்காயை ஒடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் விட்டாள்.

நீதிமன்றத்தில் மூன்று நிபந்தனைகள் போட்டார்கள். பதினெட்டு மாதத்துக்கு யார்மேலும் கை வைக்கக் கூடாது. நிலையான வேலை ஒன்றில் இருக்க வேண்டும். வியாழக்கிழமைகளில் கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போக வேண்டும். மூன்றும் ஒழுங்காக நடந்தால் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நீதிபதி யோசிப்பார். ஒன்று பிசகினாலும் இல்லை. அதுவரை சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம், லொங்குய்யில் கண்ணாடி வைத்த ஓர் அறையில், வெளியே ஆள் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளையைச் சந்திக்கலாம்.

வகுப்பு நடத்திய தாடிக்காரர் முதல் நாளே சொன்னார்: "கை எழும்பும்போது பத்து வரை எண்ணுங்கள். மெதுவாக."

ஜொய்சி எழுந்து வெளியே போய்விட்டாள். குளியலறையில் கைதுடைக்கும் காகிதப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து உடைத்தாள். அவளால் பத்து வரை எண்ண முடியாது. அதற்குக் காரணம் இருந்தது.

மட்டக்களப்பில் அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது தகப்பன் கடலோடு போனார். அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி அருமைராசாவின் வீட்டுக்குப் போனாள். அருமைராசா கோபத்தில் அடிக்கிறவன் அல்லன். சாப்பிட்டுக் கைகழுவி, துடைத்து, யோசித்து அடிக்கிறவன். ஜொய்சிக்குப் பதின்மூன்று வயதில், குழாயடியில் யாருடனோ சிரித்தாள் என்று கேள்விப்பட்டு, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தான். அவளுடைய வலது உள்ளங்கையைச் சுவாலைக்கு மேல் பிடித்தான். "பத்து மட்டும்" என்றான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஏழுக்குப் பிறகு நிறுத்தி மூச்சு வாங்கி மீண்டும் எண்ணினான். அம்மா பக்கத்து அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுளகு ஒரு தரம்கூட நிற்கவில்லை.

அந்த உள்ளங்கையில் இப்போதும் ரேகை இல்லை. கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும்.

பதினைந்து வயதில் சோதனைச் சாவடியில் ஒருவன் துவக்குப் பிடியால் அவளுடைய தோள் எலும்பை உடைத்தான். அவனுடைய பெயர் தெரியாது. பச்சைச் சட்டை மட்டும் நினைவிருக்கிறது. இருபத்தெட்டில் றெனோல்டைக் கட்டி மொன்றியலுக்கு வந்தாள். ஆறு வருடம் அவன் பெல்ட்டின் இரும்புப் பக்கத்தால் அடித்தான். ஏழாம் வருடம் அவள் கொதிக்கிற கேத்தலைத் தூக்கி அவன் முகத்தில் வீசினாள். காது வெந்தது. காயம் ஆறியதும் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டான். அதன் பிறகு மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் ஒரு மேற்பார்வையாளன் பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தான். கையில் இருந்த நாடா ஒட்டும் கருவியால் அவனுடைய முன்பல் இரண்டை இறக்கினாள். அந்த வேலை அன்றைக்கே போனது.

இப்படிப்பட்டவளுக்குக் கோதுமையோடு வேலை கிடைத்தது.

புவாண்ட்-கிளேரைத் தாண்டி, மொன்றியல் தீவின் மேற்கு முனையில், ஒரு பல்கலைக்கழகத்தின் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கண்ணாடிக் கூடத்தில் சட்டி தூக்கவும் தண்ணீர் ஊற்றவும் ஆள் தேவை என்று தேவாலயப் பலகையில் எழுதியிருந்தார்கள். போனாள். அந்த இடத்தின் தலைவி சொலாஞ்ச், ஐம்பது வயது கியூபெக்காரி, கோதுமையின் மரபணுக்களைப் படித்தவள். நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இருபது கிலோ தூக்குவாயா?"

"நாப்பதும் தூக்குவன்."

ஆராய்ச்சி இதுதான். கதிர் பாரமாகப் பாரமாக, புயல் அடித்தால் கோதுமைத் தண்டு முறிந்து சாய்கிறது. சாய்ந்த பயிர் மண்ணில் அழுகும். தடித்த தண்டுள்ள பழைய ரகத்தையும் நிறைய விளையும் புது ரகத்தையும் சொலாஞ்ச் ஆறு வருடமாகக் கலந்து, எட்டு வழிகளை, அதாவது எட்டு விதை வம்சங்களை, பிரித்தெடுத்திருந்தாள். எட்டில் எது முறியாமல் நிற்கும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பொறியியல்காரர்கள் ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். கீழே ஒரு பலகை, மேலே ஓர் அலுமினியக் கை. பலகையில் காலை ஊன்றி, அந்தக் கையால் தண்டைத் தள்ள வேண்டும். முறிகிற கணத்தில் சிறு திரையில் ஓர் எண் விழும். அந்த எண்களையெல்லாம் கணக்காக்கி, எந்தத் தண்டு எந்தக் காற்றுக்கு நிற்கும் என்று சொல்ல வேண்டியவன் ஹரிபிரசாத். மதுரையிலிருந்து கணிதத்தில் ஆய்வுப் பட்டத்துக்கு வந்தவன். ஒல்லி. குளிருக்கு மூன்று ஸ்வெட்டர் போடுவான்.

ஒரு வழிக்கு நாற்பது சட்டி. எட்டு வரிசை. ஒவ்வொரு சட்டியிலும் நடுத்தண்டை மட்டும் முறிக்க வேண்டும், பக்கத் தண்டுகளை விதைக்கு விட வேண்டும். முறிக்கும் வேலையை ஜொய்சியிடம் கொடுத்தார்கள், அவளுடைய கை நடுங்காது என்பதால்.

"ஒரே ஒரு ரூல்தான் அக்கா" என்றான் ஹரிபிரசாத். "வேகமா தள்ளக்கூடாது. வெடுக்குனு தள்ளினா தண்டு தாங்க வேண்டியதைத் தாங்காம சீக்கிரமே ஒடிஞ்சிரும், நம்பர் கம்மியா விழும். பத்து வரைக்கும் எண்ணிக்கிட்டே மெதுவா தள்ளுங்க."

ஜொய்சி அவனைப் பார்த்தாள். "எத்தினை மட்டும்?"

"பத்து."

"சரி" என்றாள். எண்ணவில்லை. ஒரு நாளும் எண்ணவில்லை.

வரிசைகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கங்கள்தான். எது எந்த வழி என்று முறிக்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. இலக்கங்கள் ஜொய்சியின் தலையில் நிற்கவில்லை. அதனால் அவளே பெயர் வைத்தாள். முதல் வரிசை றெனோல்ட். இரண்டாவது தொழிற்சாலை மேற்பார்வையாளன், அவனுக்குப் பல்லன் என்று பெயர். அடுத்தது பச்சைச்சட்டை. அதற்கடுத்தது ஜனவரியில் அவளுடைய மெத்தையைப் பனியில் எறிந்த வீட்டுக்காரன். ஐந்தாவது அருமைராசா. ஆறாவது நீலக்கோப்பு. ஏழாவது, பிள்ளையை வைத்திருக்கும் மாக்கிரட். எட்டாவது வரிசைக்கு வைப்பதற்கு எதிரி யாரும் மிச்சமில்லை. அதைத் துவாரகா என்றாள்.

பெயர் வைத்த பிறகு வேலை இனித்தது. பலகையில் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, "இந்தா வாங்கு" என்று ஒரே தள்ளு. டக். அடுத்த சட்டி. டக். அருமைராசா வரிசைக்கு வரும்போது கழுத்து நரம்பு புடைக்கும். அன்றைக்கு மட்டும் நாற்பது தண்டுகளையும் இடைவேளை இல்லாமல் முறிப்பாள். முடிந்ததும் கை தளர்ந்து, நன்றாகச் சாப்பிடுவாள். வியாழக்கிழமைத் தாடிக்காரர், "ஜொய்சி, உன் முகம் தெளிந்திருக்கிறது, எண்ணுகிறாயா?" என்று கேட்டார். "ஓம்" என்றாள்.

ஒருநாள் ஹரிபிரசாத் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"யாரோட அக்கா சண்டை போட்டுட்டு இருக்கீங்க?"

"றெனோல்டோட."

"யாரு, ஹஸ்பண்டா? எங்க இருக்காரு?"

"இந்தா, கால மடிச்சுக் கிடக்கான்" என்று முறிந்த தண்டைக் காட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்து, மற்ற வரிசைகளின் பெயர்களையும் பிள்ளையின் கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். அந்தச் சண்டை எண்களிலும் விழும் என்று அவன் அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

எட்டாவது வரிசையில் மட்டும் அவளுடைய கை வேறாக இருந்தது. அலுமினியக் கையைத் தண்டில் வைத்து, மெல்லத் தொட்டுத் தள்ளுவாள். தண்டு வளையும். முறியப் போகிறது என்று விரலுக்குத் தெரிந்தவுடன் எடுத்துவிடுவாள். 'முறியவில்லை' என்று குறிப்பாள். நாற்பதிலும் அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை லொங்குய்யில் துவாரகா கேட்டாள்: "அம்மா, என்ன வேலை செய்றீங்க?"

"கோதுமைய முறிக்கிறன்."

பிள்ளை இடது கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டாள். ஜொய்சி அதைப் பார்த்தாள். உன் பெயரில் ஒரு வரிசை இருக்கிறது, அதை நான் முறிப்பதில்லை என்று சொல்ல நினைத்தாள். கண்ணாடிக்கு வெளியே மாக்கிரட் குடையைப் பிடித்தபடி இருந்தாள். ஒரு மணித்தியாலம் முடிந்ததும் எழுந்து வந்து, "போவமா மகள்?" என்றாள். அவள் மகள் என்று சொன்ன அந்தச் சொல்லுக்காக, திங்கட்கிழமை மாக்கிரட் வரிசையில் பதினெட்டுத் தண்டுகள் வேரோடு வந்தன.

பதினாலு மாதம் இப்படிப் போனது. ஒரு மனிதரையும் அவள் தொடவில்லை. நீதிமன்றத் தவணைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. முடிவுகள் வந்தபோது சொலாஞ்ச் கூடத்துக்குள் ஓடிவந்து ஜொய்சியைக் கட்டிப்பிடித்தாள். எட்டாவது வழி நாற்பது சட்டியிலும் முறியவில்லை. இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. அந்த விதை அடுத்த மாதம் வயலுக்குப் போகும். மற்ற ஏழு வழிகளையும் வைத்திருக்க இடமில்லை. விதிப்படி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஏழு மூட்டை விதைகளையும் நீராவிக் கலத்தில் போட்டு அவித்துக் கொட்ட வேண்டும். அவிக்கிற வேலையும் ஜொய்சிக்குத்தான்.

ஏழு பேரையும் ஒரே கலத்தில் வைத்து அவிப்பது. அவள் வெள்ளிக்கிழமையை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம், விதை பிரிக்கும் அறையில் ஹரிபிரசாத் மடிக்கணினியோடு வந்தான். கதவைச் சாத்தினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவப்படக்கூடாது."

"கேள்."

"அந்தக் கருவி கடைசி நம்பரை மட்டும் வைக்கிறது இல்ல. தள்ள ஆரம்பிச்சதுல இருந்து ஒடியற வரைக்கும், ஒரு செகண்டுக்கு நூறு தடவை பதிவு பண்ணுது. நான் இப்பதான் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன்." திரையைத் திருப்பினான். கோடுகள். "விதிப்படி தள்ளினா ஒண்ணுன்னு வெச்சுக்குவோம். றெனோல்ட் வரிசையில உங்க கை ரெண்டரை. மாக்கிரட் மூணு. இந்த அஞ்சாவது வரிசை, நாலு புள்ளி ஒண்ணு. அடிச்சிருக்கீங்க அக்கா. தள்ளல, அடிச்சிருக்கீங்க. எட்டாவதுல பூஜ்ஜியம் புள்ளி மூணு. தடவிக் குடுத்திருக்கீங்க."

ஜொய்சி காகித உறைகளில் விதையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோதுமையை அளக்கச் சொன்னா நீங்க உங்க கையை அளந்து குடுத்திருக்கீங்க. யாரு அக்கா அந்த அஞ்சாவது ஆளு? அப்படி என்ன பண்ணினாரு? இவ்வளவு…"

விதைத் தட்டு மரத்தால் ஆனது. விளிம்பில் தகரம் அடித்திருக்கும். அது எப்போது கையில் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதன் விளிம்பு ஹரிபிரசாத்தின் புருவத்தில் இறங்கியது. அவன் அலமாரியில் மோதிச் சரிந்தான். மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்து மேசைக்கு அடியில் போனது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கி, மூன்று ஸ்வெட்டரிலும் ஊறி, காகித உறைகளில் சொட்டியது. கோதுமை மணிகள் தரையெங்கும் உருண்டன. ஜொய்சி தட்டை மறுபடி ஓங்கியிருந்தாள்.

அவன் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, தரையில் கிடந்தபடி சொன்னான்: "இது ஒரு… நாலு புள்ளி ஒண்ணு இருக்கும் அக்கா."

தட்டு கீழே விழுந்தது.

அவள் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் புருவத்தில் அழுத்தினாள். அழுத்தியபடியே கேட்டாள்: "சொல்லப் போறியா?"

"எதை? இதையா, அதையா?"

"ரெண்டையும்."

அவன் துணியைத் தானே பிடித்துக்கொண்டான். "இது, நான் அலமாரியில இடிச்சுக்கிட்டேன். அது… அதைச் சொன்னா எனக்கும் ஒரு வருஷம் போச்சு. டேட்டா பாக்க அழகா இருக்கு. நான் வாயை மூடிக்கிட்டா சீக்கிரம் பட்டம் வாங்கிட்டுப் போயிருவேன். உங்க பாப்பாவும் வந்துரும்." எழுந்து உட்கார முயன்றான். "ஆனா இந்த எட்டாவது விதை வயலுக்குப் போயி, அங்கிருந்து ஊர் ஊராப் போகும். முதல் புயல்ல என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை நீங்க தள்ளிப் பாக்கவே இல்ல. நான் வாயைத் திறக்கல. உங்க இஷ்டம்."

மருத்துவமனையில் ஏழு தையல் போட்டார்கள். அலமாரி என்று அவன் சொன்னான். நம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜொய்சி ஏழு மூட்டைகளையும் வண்டியில் ஏற்றினாள். நீராவிக் கலத்தின் வட்டக் கதவைத் திறந்தாள். றெனோல்டைத் தூக்கி உள்ளே எறிந்தாள். பல்லனை எறிந்தாள். பச்சைச்சட்டையை இரண்டு கையாலும் குத்தித் திணித்தாள். ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அருமைராசாவின் மூட்டை மிஞ்சியது. அதைக் காலால் உதைத்தாள். சாக்கு கிழிந்து மணி கொட்டியது. அள்ளி உள்ளே போட்டுக் கதவைச் சாத்திச் சக்கரத்தை இறுக்கினாள். சிவப்புப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. விரலை அதில் வைத்தாள்.

அங்கேயே நின்றாள். கலத்தின் பக்கத்துச் சன்னலால் கண்ணாடிக் கூடம் தெரிந்தது. எட்டாவது வரிசையின் கோடியில், பிந்திப் பழுத்த இரண்டு சட்டிகள் இன்னும் அறுக்காமல் நின்றன. காற்றாடியின் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

விரலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கருவியைத் தூக்கி வந்து முதல் சட்டிக்கு முன்னால் வைத்தாள். பலகையில் காலை ஊன்றினாள். அலுமினியக் கை தண்டைத் தொட்டது.

ஒன்று என்றாள்.

இரண்டு. மூன்று. வலது உள்ளங்கையில் மண்ணெண்ணெய் மணத்தது. நான்கு. பக்கத்து அறையில் சுளகு தட்டும் சத்தம் கேட்டது. ஐந்து. வியர்வை கண்ணில் இறங்கியது. ஆறு.

டக்.

பச்சை முருங்கைக்காயின் சத்தம். திரையில் விழுந்த எண், அதுவரை அவள் முறித்த இருநூற்றெண்பது தண்டுகளில் எதற்கும் விழாத அளவுக்குக் குறைவாக இருந்தது. இரண்டாம் சட்டி ஐந்திலேயே முறிந்தது.

ஜொய்சி நிலத்தில் உட்கார்ந்து, முறிந்த தண்டைப் பிடித்துக்கொண்டு, தன் தலையைச் சட்டியின் விளிம்பில் மோதினாள். மூன்று தரம். நெற்றி வெடித்தது. பிறகு எழுந்து, இரத்தம் வழிய, சொலாஞ்சின் அறைக்குப் போனாள்.

தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். நான் தள்ளவில்லை, அடித்தேன். ஏழு வரிசையையும் அடித்தேன். எட்டாவதைத் தொடவில்லை. எட்டாவதை வயலில் போடாதே. அது விழும். கலத்தில் இருப்பவர்களை அவிக்காதே. அவர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சொலாஞ்ச் முதலில் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும் மேசையில் இருந்த இரும்புத் தராசைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். காரைக் கட்டி பெயர்ந்து விழுந்தது. "ஆறு வருடம்!" என்று கத்தினாள். "என்னுடைய ஆறு வருடம்!" ஜொய்சியின் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கினாள். ஜொய்சியின் கைகள் இரண்டும் தொங்கியபடியே இருந்தன.

சொலாஞ்ச் சட்டென்று விட்டுவிட்டாள். "ஹரியின் புருவம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "அலமாரியா?"

இல்லை என்று ஒரு தலையசைப்பு. "நான்."

"அத ஏன்க்கா சொன்னீங்க?" என்று ஹரிபிரசாத் பிறகு தாழ்வாரத்தில் நின்று கத்தினான். உடைந்த கண்ணாடியை நாடா வைத்து ஒட்டியிருந்தான். "லூசா நீங்க? கோதுமையைச் சொன்னது சரி. அது எதுக்கு? நான் கேஸ் குடுக்கலையே!"

"வாய் திறந்திற்று. எல்லாம் வந்திற்று" என்றாள். இரண்டு காவலாளிகள் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்து அவளை வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

ஹரிபிரசாத் முறைப்பாடு கொடுக்கவில்லை. நிலையத்தின் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி அதிக நேரம் எடுக்கவில்லை. சனிக்கிழமைகள் நின்றன. துவாரகா பதினெட்டு வயது வரை லொங்குய்யில் மாமியோடு இருப்பாள், அவள் விரும்பினால் ஒழியத் தாய் தொடர்புகொள்ளக் கூடாது. மாக்கிரட் வெளியே வந்து அவளுக்கு முன்னால் நின்றாள். "பிள்ளை நல்லாத்தான் இருப்பாள், ஜொய்சி" என்றாள். ஜொய்சி கையை ஓங்கினாள். ஓங்கிய கையால் தூணில் குத்தினாள். இரண்டு விரல் எலும்பு உடைந்தது.

அதன் பிறகு அவள் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலையில் சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளை உடைக்கும் வேலைக்குப் போனாள். பழுதான தட்டுகளைச் சம்மட்டியால் அடித்துப் பலகை பலகையாகப் பிரிக்க வேண்டும். நாளுக்கு நூற்றிருபது. கேட்பாரில்லை. முதல் வருடம் சக வேலையாள் ஒருத்தியோடு பேருந்தில் முடிபிடிச் சண்டை வந்தது. இரண்டாம் வருடம் வந்த சண்டையில் ஆறு வரை எண்ணினாள். அதற்குள் மற்றவள் இறங்கிப் போய்விட்டாள். நீதிமன்றம் கேட்காமலேயே வியாழக்கிழமை வகுப்புக்குப் போனாள். பின்வரிசையில் இருப்பாள். கையில் கொடுத்த இறப்பர் பந்தை நசுக்கி நசுக்கி வெடிக்கவைப்பாள். தாடிக்காரர் புதிய பந்து கொடுப்பார்.

2018 இல் ஒரு பனிநாள், பேருந்து நிறுத்தத்தில் யாரோ "அக்கா!" என்று கூப்பிட்டார்கள். ஹரிபிரசாத். புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. இப்போது நான்கு ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

"மறுபடி முழுசா பண்ணினோம். கருவிக்கு மோட்டர் வெச்சாச்சு, இனிமே மனுஷக் கையே கிடையாது. யாரு ஃபர்ஸ்ட் தெரியுமா?"

"ஆர்?"

"அஞ்சாவது. உங்க ஆளு. வளையறாரு, வளையறாரு, ஒடிய மாட்டேங்கிறாரு."

ஜொய்சி பனியில் காறித் துப்பினாள். "அவன் சாக மாட்டான்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"எட்டு?" என்று கேட்டாள்.

"கடைசி. ஆனா அது மணி நல்லா பிடிக்குதுன்னு மேடம் தூக்கிப் போடல. வேற ஒண்ணோட சேத்துப் பாக்கிறாங்க." பேருந்து வந்தது. அவன் அவசரமாகச் சொன்னான்: "அக்கா, ஆய்வுல கடைசிப் பக்கத்துல உங்க கைக் கணக்கைப் போடறேன். மனுஷக் கை ஏன் கூடாதுங்கிறதுக்கு அதான் சாட்சி. வரிசைக்கு நீங்க வெச்ச பேரைப் போடட்டுமா? இல்ல நம்பரே போதுமா?"

"வரிசைக்கு உன்ர பேரப் போடாட்டி சரி" என்றாள். "போடு."

ஆறு வருடம் போனது. 2024 ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. ஜொய்சி சன்னலடியில் நின்று முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபோனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"நான் துவாரகா. சீஜெப் கொலிஜில உயிரியல் படிக்கிறன். கோதுமை பற்றி ஒரு ஆய்வு வாசிச்சன். கடைசிப் பக்கத்தில எட்டுப் பேர் கிடக்கு, மாமியிட பேரும் கிடக்கு. எட்டாவதுக்கு உங்கட கை 0.3 எண்டு போட்டிருக்கு. அண்டைக்கு எண்ட கைக்கு எத்தினை? எழுத வேண்டாம். சனிக்கிழமை மெட்ரோவால வாறன். நேரில சொல்லுங்க."